தெரிந்தவர்களும் தெரியாதவளும்: ‘ஜேன் அயர்’ நாவலில் நாடக முரண்

தார்ன்ஃபீல்டு மாளிகைக்கு விருந்தினர் வரப்போகிறார்கள். வீடு முழுவதும் துடைத்துக் கழுவும் வேலை நடக்கிறது. வேலைக்காரி லியாவும், உதவிக்கு வந்த கூலிப் பெண்ணொருத்தியும் அங்கே வேலை செய்யும் கிரேஸ் பூல் என்பவள் வாங்கும் சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் பார்க்கும் வேலையை எல்லோராலும் செய்துவிட முடியாது, அந்தப் பணம் அவளுக்குத் தகும் என்று ஒத்துக்கொள்கிறார்கள். அப்போது குழந்தைக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியை ஜேன் பக்கத்தில் நிற்பதை லியா பார்த்துவிடுகிறாள், மற்றவளை இடிக்கிறாள். இந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியாதா என்று அவள் தணிந்த குரலில் கேட்க, லியா தலையசைத்து மறுக்கிறாள். பேச்சு அத்துடன் நின்றுவிடுகிறது. இந்த வீட்டில் ஏதோ மர்மம் இருக்கிறது, தன்னை வேண்டுமென்றே அதற்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள் என்பது மட்டும் ஜேனுக்குப் புரிகிறது.

சார்லட் பிரான்டி எழுதி, 1847 அக்டோபரில் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த ‘ஜேன் அயர்’ நாவலின் 17ஆம் அத்தியாயத்தில் வரும் சிறு காட்சி இது. வாசகர் நினைவில் பெரும்பாலும் தங்காத காட்சி. ஆனால் முழு நாவலும் இயங்கும் விதம் இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். தினக்கூலிக்கு வந்தவளுக்குக்கூடக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. கதைநாயகிக்கு ஒன்றும் தெரியவில்லை. யாருக்கு எது தெரியும், எப்போது தெரியும், தெரிந்தவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதே இந்த நாவலின் நாடக முரண்.

பாத்திரம் அறியாத ஒன்றைப் பார்வையாளர் அறிந்திருப்பதும், அதனால் பாத்திரத்தின் சொல்லும் செயலும் அதற்கே தெரியாத இன்னொரு பொருளைச் சுமப்பதும் நாடக முரண். லாயஸ் மன்னனைக் கொன்றவனைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று ஈடிபஸ் சூளுரைக்கும்போது, கொன்றவன் அவனேதான் என்பது ஏதென்ஸ் அரங்கில் அமர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பழங்கதை அவர்கள் கேட்டு வளர்ந்தது. சோஃபோக்ளிஸ் நாடகங்களில் உள்ள இந்தத் தன்மையைப் பற்றி 1833இல் கானப் தர்ல்வால் எழுதிய கட்டுரைதான் ஆங்கிலத் திறனாய்வில் இந்த விவாதத்துக்கு அடிப்படை போட்டது. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து ‘ஜேன் அயர்’ வந்தது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 1847இல் இந்த நாவலைக் கையில் எடுத்தவருக்குத் தார்ன்ஃபீல்டின் மூன்றாம் தளத்தில் யார் இருக்கிறார் என்று தெரியாது. கதையைச் சொல்பவள் ஜேன். அவள் கண்ணுக்குப் பட்டதே வாசகர் கண்ணுக்கும் படுகிறது. மாளிகையின் எசமான் ரோசெஸ்டருடன் ஜேனின் திருமணம் தடைபடும் 26ஆம் அத்தியாயம் வரை இருவரும் ஒரே இருட்டில் நிற்கிறார்கள். இலக்கணப்படி பார்த்தால், வாசகர் பாத்திரத்தைவிட அதிகம் அறிந்திராத இடத்தில் நாடக முரணே இல்லை. ஆனாலும் இந்த நாவலைப் பேசுபவர்கள் எல்லாரும் அதன் நாடக முரணைப் பற்றியும் பேசுகிறார்கள். அது எங்கிருந்து வருகிறது?

கோதிக் நாவல் மரபில் இதற்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. ஹொரேஸ் வால்போல் 1764இல் ‘ஒட்ரான்டோ கோட்டை’யைக் கொண்டு அந்த மரபைத் தொடங்கிவைத்தார். முப்பது ஆண்டுகள் கழித்து ஆன் ராட்கிளிஃப் எழுதிய ‘உடோல்ஃபோவின் மர்மங்கள்’ அதை உச்சிக்குக் கொண்டுபோனது. அதில் எமிலி ஒரு கறுப்புத் திரையை விலக்குகிறாள். உள்ளே இருப்பதைக் கண்டு மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்று ஆசிரியர் சொல்வதில்லை. நாவல் முடியும் தறுவாயில்தான் அது மெழுகு உருவம் என்று தெரிகிறது. இங்கே பாத்திரத்துக்குத் தெரியும், வாசகருக்குத் தெரியாது. நாடக முரணுக்கு நேர் எதிர்த்திசை. ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’ 1817 இறுதியில், அவர் மறைந்த பிறகு, வெளியானது. அதில் கேதரின் ராட்கிளிஃப் நாவல்களைப் படித்துவிட்டு, தான் விருந்துக்குப் போன வீட்டிலும் கொலையைத் தேடுகிறாள். நள்ளிரவில் அவள் கண்டெடுக்கும் பழைய கையெழுத்துப் பிரதி, விடிந்து பார்த்தால் சலவைக் கணக்கு. இங்கே வாசகர் நாயகியைவிட உயரத்தில் அமர்ந்து அவளைப் பார்த்துப் புன்னகைக்கிறார்.

சார்லட் பிரான்டி இரண்டு வழியிலும் போகவில்லை. வாசகரை ஜேனுக்கு மேலேயும் வைக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை. அவள் பக்கத்திலேயே வைத்தார். அப்படி வைத்துவிட்டு, ஜேனுக்கு மேலே இன்னொரு ஜேனை வைத்தார்.

நாவலின் துணைத்தலைப்பு ‘ஒரு தன்வரலாறு’. கதையை எழுதும் ஜேன் பத்தாண்டு மணவாழ்க்கை வாழ்ந்தவள். தார்ன்ஃபீல்டு எரிந்தது, அங்கே மூன்றாம் தளத்தில் பூட்டிவைக்கப்பட்டிருந்த, மனநோய் கொண்ட முதல் மனைவி பெர்த்தா இறந்தது, ரோசெஸ்டர் பார்வை இழந்தது எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, பதினெட்டு வயதில் தனக்கு என்ன தெரிந்திருந்ததோ அதை மட்டும் எழுதுகிறாள். மூன்றாம் தளத்தின் சிரிப்பை முதலில் கேட்ட 11ஆம் அத்தியாயத்தில், அது கிரேஸ் பூலின் சிரிப்பு என்று வீட்டு நிர்வாகி திருமதி ஃபேர்ஃபாக்ஸ் சொன்னதைப் பதிவு செய்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் இன்னும் ஒரு படி போய், கிரேஸ் பூலின் சிரிப்பை அடிக்கடி கேட்டேன் என்று தன் சொல்லாகவே எழுதுகிறாள். அது கிரேஸ் பூலின் சிரிப்பு இல்லை, அவள் காவல் காக்கும் பெர்த்தாவின் சிரிப்பு என்று அந்த வரியை எழுதும் கைக்குத் தெரியும்.

இதை ஏமாற்று என்று சொல்லலாமா? நான் சொல்லமாட்டேன். பொய்யான பெயரை எழுதும் அதே பத்தியில், அந்தப் பெயர் பொருந்தாது என்பதற்கான சான்றையும் அவள் வைத்துவிடுகிறாள். சிரிப்பு உடலை உறையவைக்கிறது. அறையைவிட்டு வெளியே வரும் கிரேஸ் பூலோ தட்டும் பாத்திரமும் சுமந்து சமையலறைக்குப் போய்வரும் சாதாரணப் பெண், கையில் ஒரு குவளை போர்ட்டர் பீர், முகத்தில் எந்தக் கலக்கமும் இல்லை. குரலும் முகமும் ஒட்டவில்லை என்பதை இளைய ஜேனும் உணர்கிறாள். உணர்ந்ததை முடிவாக மாற்றத்தான் அவளுக்குத் தெரியவில்லை. மூத்த ஜேன் எதையும் மறைக்கவில்லை. விளக்காமல் விட்டிருக்கிறாள். இந்த இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நாவலின் முதல் பாதியின் நாடக முரண் வாழ்கிறது. முதல் வாசிப்பில் அது தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு வரியிலும் எழுந்துகொள்ளும்.

இதற்கு மிகச் சிறந்த சான்று 12ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஜேன் மூன்றாம் தளத்தின் நடைவழியில் முன்னும் பின்னும் நடக்கிறாள். பெண்களுக்கும் ஆண்களைப் போலவே அறிவுக்கு வேலை வேண்டும், உழைப்புக்குக் களம் வேண்டும், அவர்களைச் சமையலுக்கும் பின்னலுக்கும் ஒதுக்கிவைப்பது குறுகிய புத்தி என்று மனம் கொதித்து எழுதுகிறாள். அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள், இப்படித் தனியாக இருக்கும்போது கிரேஸ் பூலின் சிரிப்பைக் கேட்பேன் என்று பேச்சு திரும்பிவிடுகிறது. 1929இல் வெளிவந்த ‘தனக்கென ஓர் அறை’யில் வர்ஜீனியா வுல்ஃப் இந்த இடத்தைக் குறையாகச் சுட்டினார். ஆசிரியரின் சொந்தக் கோபம் கதையின் ஒழுங்கைக் குலைத்துவிட்டது, கிரேஸ் பூல் வந்து இடறுகிறாள் என்பது அவர் வாதம். வுல்ஃபின் மீது எனக்குள்ள மதிப்பு குறையாமலே இதை மறுக்கிறேன். பெண்ணின் அடைபட்ட வாழ்க்கையைப் பற்றி ஜேன் நினைக்கிறாள். சில அடி தூரத்தில், சுவருக்கு அப்பால், உண்மையிலேயே அடைபட்ட ஒரு பெண் சிரிக்கிறாள். தன் எண்ணத்துக்கு வந்த பதில் அது என்று ஜேனுக்குத் தெரியவில்லை. மூத்த ஜேன் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, நடுவில் ஒரு சொல்லும் சேர்க்காமல் நகர்ந்துவிடுகிறாள். வுல்ஃப் இடறல் என்று கண்டது, நாவலிலேயே ஆழமான நாடக முரண். பின்னால் வந்த பெண்ணியத் திறனாய்வு இந்த இடத்தை அப்படித்தான் படித்தது. சாண்ட்ரா கில்பர்ட்டும் சூசன் கூபரும் 1979இல் எழுதிய ‘பரணில் இருக்கும் பைத்தியக்காரி’ என்ற நூல், பெர்த்தாவை ஜேனின் மறுவுருவாகவும் அவள் வெளிக்காட்டாத சினத்தின் வடிவமாகவும் கண்டது.

இப்போது ரோசெஸ்டரிடம் வருவோம். இவன் மறைக்கிறவன் மட்டும் இல்லை. தனக்குத் தெரிந்ததும் அவளுக்குத் தெரியாததுமான நிலையை ரசிக்கிறவன். முதல் சந்திப்பே அப்படித்தான். ஜனவரி மாலை, ஹே கிராமத்துப் பாதையில் பனிக்கட்டியில் குதிரை சறுக்கி விழுகிறது. உதவ வந்த பெண் தன் வீட்டு ஆசிரியை என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. தான் யார் என்று சொல்லாமல், அந்த மாளிகை யாருடையது, ரோசெஸ்டரை உனக்குத் தெரியுமா என்று கேட்டுப் பதில் வாங்குகிறான். விளையாட்டுப் போலத் தொடங்கும் இது விரைவில் விளையாட்டாக இருப்பதில்லை. படுக்கையில் தீ வைக்கப்பட்ட இரவில் தண்ணீர் ஊற்றி அவன் உயிரைக் காப்பாற்றுகிறாள் ஜேன். கிரேஸ் பூல் என்றொரு பெண் இங்கே இருக்கிறாள், அவள் இப்படித்தான் சிரிப்பாள் என்று ஜேனே சொல்ல, சரியாகக் கண்டுபிடித்தாய் என்ற பாவனையில் அவன் ஒத்துக்கொள்கிறான். பொய்யை அவன் உருவாக்கவேகூட வேண்டியதில்லை. அவளுடைய ஊகமே அவனுக்குப் பொய்யாகப் பயன்படுகிறது.

விருந்தினர் கூடிய நாட்களில் நடக்கும் சொல்விளையாட்டு நாடகம், மறுமுறை படிப்பவரைத் திடுக்கிட வைக்கும். ஒரு சொல்லைப் பகுதி பகுதியாக நடித்துக் காட்டி, மற்றவர்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் காட்சியில் ரோசெஸ்டர் மணமகன், விருந்துக்கு வந்த பிளான்ச் இங்கிராம் மணமகள். இரண்டாவதில் கிணற்றடி. மூன்றாவதில் அவன் கிழிந்த உடையில், கைவிலங்கோடு தலைகுனிந்து அமர்ந்திருக்கிறான். விடை ‘பிரைடுவெல்’, லண்டனின் பழைய சிறைச்சாலை. மணமும் சிறையும் ஒரே சொல்லின் இரு முனைகள். விருந்தினர் கைதட்டுகிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அவன் ஜமைக்காவில் மணந்த பெண் பூட்டிய அறையில் இருக்கிறாள். அவன் நடிப்பது தன் வாழ்க்கையை என்று கூடியிருந்தவர்களில் அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரியும். பிளான்ச்சின் தாய் லேடி இங்கிராம் ஜேனை முட்டாள் என்று ஒதுக்கியதால், அவள் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சில நாட்களில் அவன் குறிசொல்லும் கிழவியாக வேடமிட்டு வருகிறான். வேடம் இருக்கிறது என்று ஜேன் மோப்பம் பிடித்துவிடுகிறாள். ஆனால் அவள் மனம் யாரை நினைக்கிறது? கிரேஸ் பூலை! மர்மம் என்றாலே கிரேஸ் பூல் என்று அவளைப் பழக்கிவைத்தவனே முன்னால் அமர்ந்திருக்கிறான். இந்த ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது நிலைமை கவிழ்கிறது. மேசன் என்றொருவர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்திருக்கிறார் என்று அவள் சாதாரணமாகச் சொல்ல, அவன் முகம் வெளுத்து அவள் கையை இறுகப் பிடிக்கிறான். மேசன் பெர்த்தாவின் சகோதரன். தான் சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரியாது. முதன்முறையாக, ஒன்றும் அறியாதவள் வாயிலிருந்து வந்த செய்தி எல்லாம் அறிந்தவனை வீழ்த்துகிறது.

மணம் பேசும் முன்பு, அவளை அயர்லாந்துக்கு வேலைக்கு அனுப்பப்போவதாகச் சொல்லி அழவைக்கிறானே, அதையும் இங்கே சேர்க்க வேண்டும். பல தலைமுறை வாசகர்கள் இதைக் காதலின் குறும்பு என்று கொண்டாடியிருக்கிறார்கள். சம்பளம் கொடுப்பவன், சம்பளம் வாங்கும் பெண்ணிடம், ஆண்டுக்கு முப்பது பவுண்டு தவிர வேறு ஆதாரம் இல்லாதவளிடம், வேலை போய்விட்டது என்று சொல்லி அவள் மனதைச் சோதிக்கிறான். இது கொடுமைதான். சார்லட் பிரான்டிக்கும் அது தெரிந்திருந்தது என்பதற்கு நாவலின் கடைசிப் பகுதி சாட்சி.

ஆனால் அமைப்பில் ஈடிபஸுக்கு நிகரான நாடக முரண் என்று நான் கருதுவது ஒரு கடிதம். ஜேனின் தாய்மாமன் மனைவியாக இருந்து அவளை வதைத்த திருமதி ரீட், சாகும் தறுவாயில் அவளை வரவழைத்து, மூன்று ஆண்டுகள் மறைத்துவைத்த கடிதத்தைக் கொடுக்கிறாள். மடைராவில் இருக்கும் ஜான் அயர் என்ற சித்தப்பா ஜேனைத் தத்தெடுக்க விரும்பி எழுதியது அது. பிறகு நிச்சயமான திருமணத்துக்காக மில்கோட் கடைகளில் ரோசெஸ்டர் அவளுக்குப் பட்டும் நகையும் வாங்கித் தள்ளுகிறான். தான் பொம்மையாக்கப்படுவதாக ஜேன் கூசிப்போகிறாள். தனக்கென்று கொஞ்சம் சொத்து இருந்தால் இந்தத் தாழ்வு இருக்காதே என்று நினைத்து, தனக்குத் திருமணம் ஆகப்போகிறது என்ற செய்தியோடு சித்தப்பாவுக்கு எழுதுகிறாள். தன் மானத்தைக் காத்துக்கொள்ள அவள் எடுத்த அந்த ஒரு முயற்சிதான் அந்தத் திருமணத்தைத் தகர்க்கிறது. கடிதம் போய்ச் சேரும்போது, ஜமைக்காவுக்குத் திரும்பும் வழியில் மேசன் ஜான் அயருடன் இருக்கிறான். நோயாளியான சித்தப்பா அவனை இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்புகிறார். திருமணம் நடக்கும் தேவாலயத்தில் வழக்கறிஞர் பிரிக்ஸ் எழுந்து நின்று தடை சொல்கிறார். தன் கையாலேயே தன் திருமணத்துக்குத் தடை எழுதி அனுப்பியது, திருமணம் தடைபடும்வரை ஜேனுக்குத் தெரியாது. அந்தத் தடைதான், மனைவி உயிரோடிருக்கும் ஒருவனுக்குச் சட்டப்படி செல்லாத மனைவியாகும் நிலையிலிருந்து அவளைக் காப்பாற்றியது. ஈடிபஸின் தேடல் அவனை அழித்தது. ஜேனின் தன்மானம், அவள் விருப்பத்துக்கு எதிராகவே, அவளைக் காத்தது. கோதிக் நாவலில் விதியின் இடத்தில் ஒரு ஆசிரியையின் சுயமரியாதையை வைத்தது சார்லட் பிரான்டியின் பெரிய சாதனை.

அக்காலச் சட்டத்தையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1857இன் சட்டம் வரும்வரை இங்கிலாந்தில் மறுமணத்துக்கு இடம் தரும் விவாகரத்து வேண்டுமானால் பாராளுமன்றத்தில் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டும். மனநோய் அதற்குக் காரணமாக ஏற்கப்படவில்லை. ரோசெஸ்டரும் இதைச் சொல்கிறான்: மருத்துவர்கள் பெர்த்தாவைப் பைத்தியம் என்று அறிவித்தபின் சட்டவழி அடைபட்டுவிட்டது. இந்தப் பூட்டு வெறும் கற்பனையும் இல்லை. நாவலின் இரண்டாம் பதிப்பைச் சார்லட் பிரான்டி தான் மதித்த நாவலாசிரியர் தாக்கரேவுக்குக் காணிக்கையாக்கினார். தாக்கரேவின் மனைவி 1840 முதல் மனநோயால் பாதிக்கப்பட்டுப் பிரிந்திருந்தது ஹாவர்த் கிராமத்தில் இருந்த அவருக்குத் தெரியாது. ‘கரர் பெல்’ என்ற புனைபெயருக்குள் இருப்பது தாக்கரே வீட்டு ஆசிரியை என்று லண்டனில் வதந்தி பரவியது. விஷயம் தெரிந்தபோது சார்லட் மனம் நொந்துபோனார். நாடக முரணை இவ்வளவு நுட்பமாகக் கையாண்ட ஒருவர், ஊரெல்லாம் அறிந்ததைத் தான் மட்டும் அறியாமல் நின்றார்.

நாவலின் பின்பாதியில் அறிவு கைமாறுகிறது. தார்ன்ஃபீல்டைவிட்டு ஓடிய ஜேன் வேறு பெயரில் வாழ்கிறாள். இப்போது மறைப்பவள் அவள். பாதிரியார் செயின்ட் ஜான் அவள் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்து, அவள் கதையையே வேறு யாரோ ஒருத்தியின் கதை போல அவளிடம் சொல்கிறான். இந்தியாவுக்கு மதப்பணிக்குச் செல்ல அவளைத் துணையாக்க நினைக்கும் இவனும், ரோசெஸ்டரைப் போலவே, தெரிந்ததை அதிகாரமாகப் பயன்படுத்துபவன். இருபதாயிரம் பவுண்டு சொத்து கைக்கு வந்தபின் ஜேன் திரும்பி வருகிறாள். எரிந்த சுவர்களைப் பார்க்கிறாள். ஊர் விடுதிக்காரர், எதிரில் அமர்ந்திருப்பவள் யார் என்று அறியாமல், எசமான் ஒரு சின்ன ஆசிரியைமேல் பித்தாகி அழிந்த கதையை விரிவாகச் சொல்கிறார். அந்தப் பெண் வந்திருக்கவே கூடாது என்றும் வருந்துகிறார். ஜேனுக்குத் தெரியும், வாசகருக்குத் தெரியும், சொல்பவருக்கு மட்டும் தெரியாது. வேலைக்காரப் பெண்கள் முணுமுணுத்த காட்சி அப்படியே தலைகீழாகிவிட்டது. இலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்தும் நாடக முரண் இந்த நாவலில் வருவது இங்கேதான்.

இப்போது ஃபெர்ன்டீன் என்ற வீட்டில் வாழும், பார்வையிழந்த ரோசெஸ்டருக்கு வேலைக்காரி மேரியின் தட்டை வாங்கிக்கொண்டு ஜேன் தண்ணீர் எடுத்துப் போகிறாள். நாய் பைலட் அவளை அறிந்துகொள்கிறது, அவன் அறியவில்லை. யார் என்று கேட்கிறான். ஹே கிராமத்துப் பாதையில் அவன் நின்ற இடத்தில் இப்போது அவள் நிற்கிறாள். செயின்ட் ஜானைப் பற்றிய கேள்விகளுக்கு உடனே முழு விடை சொல்லாமல் அவனைப் பொறாமைப்பட விடுகிறாள். அயர்லாந்துக் கதைக்கு இது பதில். ஆனால் இவள் அவனை அதிக நேரம் வருந்த விடுவதில்லை.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை நள்ளிரவில் தான் அவள் பெயரைச் சொல்லிக் கதறியதாகவும், எங்கிருந்தோ அவள் குரல் பதில் தந்ததாகவும் ரோசெஸ்டர் சொல்கிறான். அதே இரவில் அந்த அழைப்பைத் தான் கேட்டதை, பதில் சொன்னதை, ஜேன் அவனிடம் சொல்வதில்லை. துன்பத்தில் தளர்ந்த மனம் இதைத் தாங்காது என்று தன்னுள் வைத்துக்கொள்கிறாள். நமக்குச் சொல்கிறாள். ரோசெஸ்டர் அறியாத ஒன்றை வாசகர் அறிந்துகொண்டே புத்தகத்தை மூடுகிறார். தார்ன்ஃபீல்டில் வீடே அறிந்ததை ஜேன் மட்டும் அறியாதிருந்தாள். இறுதியில் அவளும் வாசகரும் ஒரு பக்கம், அவன் மறுபக்கம். பணத்தில், உடல்வலிமையில் இருந்த ஏற்றத்தாழ்வு மாறியதைத் திறனாய்வாளர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். அறிவிலும் அது மாறியது என்பதை அதே அளவு பேச வேண்டும்.

பெர்த்தாவுக்கு என்ன தெரியும்? இந்தக் கேள்வியை நாவல் எழுப்பிவிட்டுக் கைவிடுகிறது. அவள் நேரடியாக ஒரு வாக்கியம்கூடப் பேசுவதில்லை. தன்னைக் கடித்தபோது அவள் சொன்னதாக மேசன் சொல்லும் ஒரு வரிதான் உண்டு. ஆனால் அவள் செயல்களைக் கவனியுங்கள். திருமணத்துக்கு முந்தைய இரவுகளில் ஒன்றில் ஜேனின் அறைக்கு வருகிறாள். மணத்திரையைத் தன் தலையில் போட்டுக் கண்ணாடியில் பார்க்கிறாள். பிறகு அதை இரண்டாகக் கிழித்து மிதிக்கிறாள். ஜேனைத் தொடுவதில்லை. ரோசெஸ்டர் இதைப் பாதிக் கனவு, பாதிக் கிரேஸ் பூல் என்று சொல்லி மழுப்புகிறான். கடைசித் தீயின்போதும் அவள் ஆசிரியையின் அறையைத் தேடிப்போய் அந்தக் கட்டிலுக்குத் தீ வைக்கிறாள்; நடந்ததெல்லாம் எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது போல என்று விடுதிக்காரர் வியக்கிறார். பூட்டிய அறைக்குள் இருந்தவளுக்கு வீட்டின் நடப்பு தெரிந்திருக்கிறது. ஜேன் போய்விட்டதும் கட்டில் காலியாக இருப்பதும் மட்டும் தெரியவில்லை. அவளையும் நாடக முரண் தொடுகிறது, ஆனால் அவள் தரப்பில் நின்று அதை உணர நாவல் நமக்கு இடம் தரவில்லை.

அந்த இடத்தை 1966இல் ஜீன் ரீஸ் உருவாக்கினார். மேற்கிந்தியத் தீவான டொமினிக்காவில் பிறந்தவர் அவர். தன் ஊர்ப் பெண்ணை இங்கிலாந்தின் பரணில் விலங்குபோல் கண்டதைப் பொறுக்காமல் ‘வைட் சர்காசோ சீ’ எழுதினார். அதன் நாயகிக்குப் பெயர் ஆன்ட்வானெட். பெர்த்தா என்பது கணவன் திணித்த பெயர். அவளுக்குத் தன் முடிவு தெரியாது. ‘ஜேன் அயர்’ படித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஏதென்ஸ் அரங்கில் ஈடிபஸைப் பார்த்தவர்களின் நிலையில் ரீஸ் நம்மை உட்காரவைத்துவிட்டார். தார்ன்ஃபீல்டில் பேய் உலவுவதாக வேலைக்காரர்கள் பேசுவதை ஆன்ட்வானெட் கேட்கிறாள். அந்தப் பேயைத் தான் சந்தித்துவிடக் கூடாதே என்று பயப்படுகிறாள். பேய் அவள்தான். பிரான்டியின் நாவலில் ஒரு ஆசிரியையையும் வாசகரையும் நடுங்கவைத்த உருவம், ரீஸின் நாவலில் தானே நடுங்கி நிற்கிறது. 1985இல் காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக் எழுதிய கட்டுரை இதை அரசியலாக வாசித்தது: ஜேன் தனி மனுஷியாக உயர்வதற்குக் காலனியப் பெண் ஒருத்தி தீயிட்டுக்கொண்டு மறைய வேண்டியிருந்தது. ஜேனின் விடுதலையைக் கொண்டாடும் வாசிப்புக்கு இந்தக் குற்றச்சாட்டு கசக்கும். ஆனால் கிரேஸ் பூலின் சம்பளத்தை ரோசெஸ்டர் எந்தப் பணத்திலிருந்து கொடுத்தான் என்று கேட்டால், பெர்த்தாவின் முப்பதாயிரம் பவுண்டு வரதட்சணை நினைவுக்கு வராமல் போகாது.

பிறகு வந்த கோதிக் காதல் நாவல்கள் இந்த அமைப்பை வெவ்வேறு அளவில் எடுத்துக்கொண்டன. டாஃப்னி டு மாரியேயின் ‘ரெபெக்கா’வில் (1938) திருமதி டான்வர்ஸ் சொன்ன உடையை அணிந்து பெயரில்லாத நாயகி மாடிப்படி இறங்குவது, ஜேனின் அறியாமையை ஒரே காட்சிக்குள் சுருக்கிய இடம். வீடு முழுவதும் முதல் மனைவியை அறிந்திருக்க, புதியவள் மட்டும் அறியாதிருக்கிறாள். அந்த நாவலும் சிறந்ததே. ஆனால் அங்கே அறிவு கைமாறியதும் நாயகி கணவனின் குற்றத்துக்குத் துணையாகிறாள். ஜேனைப் போல் வெளியேறி நடப்பதில்லை.

இன்று ‘ஜேன் அயர்’ படிக்கத் தொடங்கும் எவருக்கும் பரணின் ரகசியம் முன்பே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். முன்னுரைகளும் திரைப்படங்களும் அதைச் சொல்லிவிடுகின்றன. அதற்காக நாவலை ஒதுக்கிவிடாதீர்கள். ரகசியம் தெரியாமல் படிப்பவர் ஒரு மர்மக் கதையைப் படிக்கிறார். தெரிந்து படிப்பவர், தன்னைச் சுற்றி எல்லாரும் அறிந்த ஒன்றை அறியாமல் நேர்மையாக வாழ முயலும் ஒரு பெண்ணின் கதையைப் படிக்கிறார். இரண்டில் பின்னதே பெரிய நாவல். முதலில் பிரான்டியை முழுமையாகப் படியுங்கள். அடுத்து ரீஸைப் படியுங்கள். அதன்பின் 11 முதல் 26 வரையுள்ள அத்தியாயங்களை மட்டும் திரும்ப எடுத்து, ‘கிரேஸ் பூல்’ என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் யாருடைய பெயர் இருந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.